மிஃபுனே படத்தில் ஓடும் பக்கத்து வீட்டுக் கோழிகள்

பொட்டல்காடன்: நிழலாட்டம் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1999இல் வந்த டேனிஷ் படம் 'மிஃபுனே' டாக்மா படமே இல்லையாம், டாக்மா வரிசையில் மூன்றாம் எண் சும்மா ஒட்டியதாம். செட், கூடுதல் விளக்கு எதுவும் இல்லாமல் படமெடுக்க டேனிஷ் இயக்குநர்கள் போட்டுக்கொண்ட விதிகள்தான் டாக்மா. இயக்குநர் சோரன் கிராக்-யாகப்சன் 'டாக்மா சகோதரர்கள்' என்று அந்த விதிகளை ஏற்ற நால்வரில் ஒருவர். அவருக்கே சான்றிதழ் இல்லையா? படத்தை முழுசாகப் பார்த்தீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

நிழலாட்டம்: இரண்டு முறை பார்த்தேன். டாக்மாவின் முதல் விதி என்ன? படம்பிடிக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. பக்கத்து வீட்டுக் கோழிகளை உள்ளே விரட்டிவிட உதவினேன் என்று இயக்குநரே, விதிகளை எங்கே மீறினேன் என்று சொல்லும் தன் ஒப்புதல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்புறம் என்ன பேச்சு?

பொட்டல்காடன்: கோழி என்ன மேசை நாற்காலியா? மேய்கிற கோழி வேலி தாண்டும். கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

நிழலாட்டம்: தானாகத் தாண்டினால் சரி. விரட்டினார்கள். விரட்டினார்கள் என்றால் கொண்டுவந்தார்கள்.

செவ்வந்தி: கோழியை விடுங்கள் இருவரும். எனக்குக் கதையில்தான் கோபம். அப்பா இறந்த சேதி கேட்டு நாயகன் கிரெஸ்டன் டென்மார்க்கின் லோலான் தீவிலுள்ள குடும்பப் பண்ணைக்குப் போகிறான். மனவளர்ச்சி குன்றிய சகோதரன் ரூடைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறான். பாலியல் தொழிலை விட்டு ஓடிவந்த லீவா வேலைக்கு வருகிறாள். பிறகு காதல். ஆண் வந்து பெண்ணைக் கரையேற்றுகிற அதே பழைய கதைதானே?

பொட்டல்காடன்: இல்லவே இல்லை. யார் யாரைக் கரையேற்றுகிறார்கள்? கிரெஸ்டன் புது மனைவியிடம் தன் குடும்பத்தையே மறைத்தவன். லீவா தன் தொழிலை மறைக்கிறாள். இரண்டு பேரும் பொய்யோடுதான் அந்தப் பாழடைந்த வீட்டில் சந்திக்கிறார்கள். தலைப்பும் அங்கிருந்துதான் வருகிறது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் நடிகர் தோஷிரோ மிஃபுனே ஏற்ற பாத்திரம் யார்? தன்னைச் சாமுராய் வீரன் என்று சொல்லித் திரியும் உழவன் மகன். ரூடைச் சிரிக்க வைக்க கிரெஸ்டன் அந்த மிஃபுனேவாகக் கத்திக் குதிக்கும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். பண்ணைக்காரன் மகன் என்பதை மறைத்தவன் நடிப்பதும் அதே வேஷம். குறைந்த செலவில், தோளில் தூக்கிய கேமராவில், இவ்வளவு நெருக்கமாக ஒரு உறவைக் காட்டினார்கள். பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருதைச் சும்மா கொடுக்கவில்லை.

நிழலாட்டம்: வெள்ளிக் கரடி கிடைத்தால் கோழி மறைந்துவிடுமா? பெயின்டரிடம் இரவல் வாங்கிய உயர்த்தும் மேடையில் ஏறி எடுத்த காட்சிகளும் உண்டு. அதையும் அவரே சொன்னார்.

பொட்டல்காடன்: நீங்கள் தலையில் வைத்து ஆடும் 'ஃபெஸ்டன்'தான் டாக்மா வரிசையில் முதல் படம். படம்பிடித்த இடத்தில் இல்லாத ஓட்டல் வரவேற்பு மேசையையே புதிதாகச் செய்தார்கள், அதன் இயக்குநர் வின்டர்பெர்க் ஒப்புக்கொண்டார். அதற்கு மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? போன மாதமும் என்னிடம் இதேதான் செய்தீர்கள்.

நிழலாட்டம்: போன மாதம் பாதியில் ஓடியது நீங்கள்.

ஈரமண்: இந்தப் படம் எங்கே பார்க்கக் கிடைக்கும்?

பொட்டல்காடன்: ஈரமண், கொஞ்சம் பொறுங்கள். நான் ஓடவில்லை, வேலைக்குப் போனேன். மேசை செய்தது பெரிதா, கோழி விரட்டியது பெரிதா?

செவ்வந்தி: லீவாவைப் பற்றி நான் கேட்டதற்குப் பாதிதான் பதில் வந்தது. மறைத்தவர்கள் இருவர், சரி. சம்பளம் கொடுப்பவன் ஒருவன்தானே?

நிழலாட்டம்: கோழி விரட்டியது விதிமீறல். நூறு முறை கேட்டாலும் இதுதான்.

பொட்டல்காடன்: நூற்றியோராவது முறையும் கேட்பேன். மேசைக்குப் பதில் சொல்லுங்கள்.