லண்டன் பையருக்கு 'அன்று நேரமில்லை' என்று ஆங்கிலத்தில் பணிவாக எழுதுவது எப்படி?

கேள்வி:
திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். புதன்கிழமை பேசலாமா என்று லண்டன் பையர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். அன்று தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏற்றும் நாள். மூச்சு விட நேரமிருக்காது. 'ஐ ஆம் வெரி பிஸி, நாட் பாசிபிள்' என்று எழுதிவிட்டேன். 'நோட்டட்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்திருக்கிறது. 3 ஆண்டுப் பழக்கத்தில் அவர் இப்படி எழுதியதே இல்லை. 'ஐ ஆம் எங்கேஜ்ட்' என்று எழுதியிருக்கலாம் என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். சரியா? இப்போது எப்படிச் சமாளிப்பது?

பதில் 1:
அதை மட்டும் எழுதிவிடாதீர்கள் சார், நிச்சயதார்த்த வாழ்த்து வந்து சேரும்!

பதில் 2:
இலக்கணம் சரிதான். ஆனால் 'வெரி பிஸி' என்று நிறுத்தினால், உங்களைவிட முக்கியமான வேலை எனக்கு இருக்கிறது என்று தொனிக்கும். 'நாட் பாசிபிள்' கதவையே சாத்திவிடுகிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

'அப்பாலஜீஸ் ஃபார் மை ஹரீட் ரிப்ளை. ஐ ஆம் அஃப்ரெய்ட் வெட்னஸ்டே இஸ் ஃபுல்லி புக்ட். உட் தர்ஸ்டே அட் 11, யுவர் டைம், வொர்க் ஃபார் யூ?'

பழி புதன்கிழமையின் தலையில் போய்விட்டது, பாருங்கள். 'யுவர் டைம்' என்பதை விட்டுவிடாதீர்கள். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். அது தெரியாமல் ஒருமுறை ஒரு மணி நேரம் முன்பே திரைக்கு எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன்.

கேட்டவர்:
நன்றி சார். எனக்குப் பயம் ஒன்றும் இல்லையே, 'அஃப்ரெய்ட்' எதற்கு?

பதில் 2:
அங்கே அதற்குப் பயம் என்று பொருளில்லை. நாம் 'கொஞ்சம் சிரமம்தான்' என்று இழுப்போமே, அதேதான். நம் 'பார்க்கலாம்' என்பதை 'வில் ஸீ' என்று மாற்றி அனுப்பிவிடவும் வேண்டாம். அது பாதி மறுப்பு என்று நமக்குத் தெரியும். அவர் நம்பிக் காத்திருப்பார்.

பதில் 3:
'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றும் எழுதாதீர்கள். எந்த ரயில் நிலையம் என்று கேட்பார்கள். 'ஐ ஆம் அவே' போதும்.

கேட்டவர்:
அனுப்பினேன். வியாழன் 11 மணிக்குச் சரி என்று பத்தே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. இன்று புதன், மாலை 6 மணி. கன்டெய்னர் லாரிதான் இன்னும் வந்து சேரவில்லை.