எடுப்பு, எடுப்பொளி: வண்டி கண்ணில் படுவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நான் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பையன்களிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. நான் திருச்சியில் டூவீலர் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். ஸ்கூட்டர், பைக்குகளில் கூடுதல் விளக்கு பொருத்துவது பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கான்ஸ்பிக்யூட்டி’ (conspicuity) என்ற ஆங்கிலச் சொல், அதாவது பார்ப்பவர் கண்ணில் சட்டென்று படும் தன்மை, முதல் பக்கத்திலேயே வழிமறித்துவிட்டது. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்றுதான் கேட்டிருந்தேன்.

> அதற்குத்தான் ‘தெரிநிலை’ இருக்கிறதே, ஏன் புதிதாக ஒன்று?

ஐயா, தெரிநிலை என்றதும் எனக்கு இலக்கண வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. தெரிநிலை வினைமுற்று, குறிப்பு வினைமுற்று என்று நாம் எல்லோரும் படித்தது. ஆனால் என் தயக்கத்துக்கு அது காரணமில்லை. தெரிவது வேறு, நான் கேட்பது வேறு. அந்த வேறுபாட்டை ஒரு நிகழ்ச்சி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் மாணவன் ஒருவன் மாலை ஐந்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், நேரான சாலையில் வந்துகொண்டிருந்தான். எதிரே வந்த வேன் அவனுக்குக் குறுக்கே வலப்பக்கம் பெட்ரோல் பங்குக்குள் திரும்பியது. பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வேன் ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்துட்டுத்தான் சார் திரும்பினேன், ரோடு காலியா இருந்துச்சு” என்று அழுதார். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். மழை இல்லை, பனி இல்லை, இருட்டும் இல்லை. வண்டி தெரியும் நிலையில்தான் இருந்தது, அவர் கண்ணும் அந்தத் திசையில்தான் இருந்தது. அப்படியும் படவில்லை.

இது ஏதோ ஓர் ஊரில் ஒரு நாள் நடந்த சங்கதி அல்ல. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹர்ட் அறிக்கை’ என்ற மோட்டார் சைக்கிள் விபத்து ஆய்வுக்காக, லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். பைக் இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய அந்த இன்னொரு வண்டிதான் குறுக்கே புகுந்திருந்தது. அவற்றின் ஓட்டுநர்கள் பைக்கைக் கவனிக்கவே இல்லை, அல்லது கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. நம் நாட்டில் 2022இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். எல்லாமே கண்ணில் படாததால் நேர்ந்தவை அல்ல. அப்படி நேர்ந்தவை எத்தனையோ, அத்தனைக்கும் காரணம் சொல்ல நம்மிடம் ஒரு சொல் வேண்டும்.

> ‘கண்படுதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிய சொல்.

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. சங்கப் பாட்டுகளில் கண்படுதல் என்றால் உறங்குதல். அதை எத்தனை பேர் அறிவார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் புது வண்டியின் ஹேண்டில்பாரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டி ஓட்டுகிற ஊரில், “உங்கள் வண்டி கண்பட வேண்டும்” என்று கையேட்டில் எழுத என்னால் முடியாது.

> கண் + ஈர்ப்பு = கண்ணீர்ப்பு?

சேர்த்து எழுதியதும் கண்ணீர் முந்திக்கொண்டு வருகிறது, அம்மா. விபத்தைப் பற்றிய கையேட்டில் அது வேண்டாம். இதே இழையில் வந்த ‘கண்கவர்ப்பு’ விளம்பரத்தையும் அழகையும் நினைவூட்டுகிறது. ‘துலக்கம்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா எழுதியபடி, தூண்டல் – துலங்கல் என்று அது வேறொரு பொருளில் பாடநூலில் நிலைத்துவிட்டது. இங்கோ துலக்குவது பாத்திரத்தை.

விளக்குகளைப் பிரிக்க வந்த சொற்களும் இப்படியே சிக்கின. வண்டியில் இரண்டு வேலைக்கு விளக்கு உண்டு. நாம் சாலையைப் பார்க்க ஒன்று, பிறர் நம்மைப் பார்க்க ஒன்று. முன்னதற்குக் காண் + ஒளி என்றால், காணொளி எப்போதோ வீடியோவுக்குப் போய்விட்டது. பின்னதைக் ‘காட்டு விளக்கு’ என்றேன். “காட்டுல மாட்டுற விளக்கா சார்?” என்று பையன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்.

இனி என் முன்மொழிவு. அது நான் உருவாக்கியதும் அல்ல, ஜவுளிக்கடையில் கிடைத்தது. தங்கைக்குப் புடவை எடுக்கப் போயிருந்தபோது கடைக்காரப் பெண் ஒரு புடவையை விரித்து, “இந்த பார்டர் அவங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்ணே” என்றார். அங்கேயே நின்றுவிட்டேன். எடுப்பு.

அழகு, பளபளப்பு, வெளிச்சம் என்று எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. சுற்றியிருப்பதிலிருந்து ஒன்று மேலெழுந்து தெரிவதை மட்டும் அது சொல்கிறது. ஒரு நிறம் தனியாக எடுப்பாக இருக்க முடியாது, எதனோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது எடுப்பு. கான்ஸ்பிக்யூட்டி என்பதற்கும் விசிபிலிட்டி (வெறுமனே தெரிவது) என்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதுதான். நூல்களில் ஒரு பக்கம் செலவழித்து விளக்குவதை நம் பேச்சுத்தமிழ் ‘தெரியுது’, ‘எடுப்பாத் தெரியுது’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது.

இந்தப் பொருள் ஆய்வுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பைக் ஓட்டுநர்களிடம் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளிரும் அல்லது எதிரொளிக்கும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காயத்தின் வாய்ப்பு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டை ஒப்பிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24, பகலில் ஹெட்லைட் எரிய விட்டவர்களுக்கு 27. இதை மட்டும் படித்தால் வெளிச்சமும் வெளிர்நிறமும் இருந்தாலே போதும் என்று தோன்றும். ஆனால் 2012இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பின்னணியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பல நிறம் கலந்த நகரத் தெருவில் வெள்ளையும் எதிரொளிக்கும் உடையும் முந்தின. ஊருக்கு வெளியே, பின்னால் வெறும் வெளிர்வானம் இருந்த சாலையில் கறுப்பு உடை முந்தியது! வெள்ளை மாறவில்லை, கறுப்பும் மாறவில்லை, பின்னணிதான் மாறியது. நம் பக்கத்தில் பச்சைப்பசேல் என்ற வயலோரத்தில் இளம்பச்சை ஜாக்கெட் போட்டவரைவிட ஆரஞ்சு போட்டவர் முன்னால் கண்ணில் படுவதும் அதனால்தான்.

விளக்குக்கும் இதே கதை. மலேசியா 1992இலும் சிங்கப்பூர் 1995இலும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கின. மலேசியாவில், பைக் கண்ணில் படாததால் நேரும் வகை விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்தன என்று கணக்கிட்டார்கள். இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே முன்விளக்கு எரிகிறது. அந்த வருடம் எதிரே வந்தவர்கள் எல்லாம் விரலைக் குவித்து விரித்து “லைட் எரியுது” என்று சைகை காட்டியது நினைவிருக்கிறதா? அந்தச் சைகைதான் எடுப்பு வேலை செய்ததற்குச் சான்று. இன்று யாரும் காட்டுவதில்லை, ஏனென்றால் எல்லா வண்டியிலும் எரிகிறது. கார்களிலும் பகல்விளக்கு வந்துவிட்டது. கார்கள் பகலில் விளக்கு எரியவிட்டு வரும்போது நடுவில் வரும் பைக்கைக் கண்டுகொள்வது கடினமாகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். விளக்கு மங்கவில்லை, பக்கத்தில் இருப்பவை மாறிவிட்டன.

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை, விமானத்தின் முன்பக்கம் விளக்குகளைப் பொருத்தி, வானத்தின் ஒளியளவுக்கு எரியவிட்டு அதை மறைத்துப் பார்த்தது. யெஹூதி விளக்குகள் என்று பெயர். விளக்கே ஒளிவிடமாக முடியும்! ‘ஒளி’ என்ற ஒரே சொல்லில் வெளிச்சத்தையும் மறைதலையும் வைத்தவர்கள் நாம், நமக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை.

> ‘எடுப்பு’ என்றால் எனக்கு எடுப்புக் கக்கூஸ்தான் நினைவுக்கு வரும். என் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

தம்பி, உங்கள் மறுமொழியை மூன்று முறை படித்தேன். இதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் வந்த பிறகும் அந்தக் கொடுமையின் வலி இருக்கிறது. அங்கே ‘எடுப்பு’ கையால் எடுப்பதைக் குறித்தது, இங்கே மேலெழுந்து தெரிவதைக் குறிக்கிறது. ஒரே வேரின் இரு கிளைகள். கீர்த்தனையின் பல்லவி, அனுபல்லவி, சரணத்தை எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்கிறார்களே, அதுவும் அந்த வேர்தான். இலக்கண விளக்கம் உங்கள் நினைவை மாற்றாது என்பது தெரியும். அதனால் பட்டறையிலும் பக்கத்து உதிரிபாகக் கடையிலும் பதினான்கு பேரிடம் “எடுப்புன்னா என்ன?” என்று மொட்டையாகக் கேட்டேன். பதினோரு பேர் நிறத்தையோ தோற்றத்தையோ சொன்னார்கள். ஒரு பெரியவர் நீங்கள் சொன்னதைச் சொன்னார். மற்ற இருவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே தனிச்சொல்லாக வரும் இடத்தில் ‘தோற்ற எடுப்பு’ என்று முழுதாக எழுதுகிறேன். இது உங்களுக்குச் சரியா? நீங்கள் வேண்டாம் என்றால் மீண்டும் யோசிக்கிறேன்.

> கணக்கெடுப்பு, படையெடுப்பு மாதிரி குழம்பாதா?

குழம்பும், அது பின்னால் வந்தால். ‘ஒளியெடுப்பு’ என்றால் ஒளியை எடுப்பது. முன்னால் வந்தால் தொல்லையில்லை. எடுப்பொளி, எடுப்பு நிறம், எடுப்புப் பட்டை. இந்த எடுப்பொளிதான் எனக்கு மிகவும் தேவைப்பட்ட சொல், பிறர் நம்மைப் பார்ப்பதற்கென்றே பொருத்தும் விளக்கு. ‘ஆக்சிலரி லைட்’ என்பதைத் ‘துணைவிளக்கு’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன், அதில் நோக்கம் வரவில்லை. சாலையைப் பார்க்கப் பொருத்துவதும் துணைவிளக்குதானே.

எடுப்பொளி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் 100 மீட்டரை 6 நொடியில் கடந்துவிடும். எதிரே நிற்பவருக்கு அது ஒற்றைப் புள்ளி. புள்ளி எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்று கண்ணால் அளக்க முடியாது, சிறியது தள்ளி இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். ஹெட்லைட்டுக்குக் கீழே இரு பக்கமும், சேஃப்டி கார்டிலோ ஃபோர்க்கிலோ, தள்ளித் தள்ளி இரண்டு சிறு விளக்கு வைத்தால் ஒரு முக்கோணம் உருவாகிறது. வண்டி நெருங்க நெருங்க முக்கோணம் விரியும். வருகிற வேகம் அப்போது கண்ணுக்குப் புரிகிறது. ஸ்கூட்டரில் முன் ஏப்ரனின் (காலுக்கு முன்னால் இருக்கும் தகட்டின்) இரு ஓரம் போதும். வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட இடைவெளியைக் கூட்டுவதே மேல் என்று பையன்களுக்கு அடித்துச் சொல்கிறேன். இப்போது கடைகளில் வாங்கி மாட்டும் பெரிய எல்இடிகள் எதிரே வருபவர் கண்ணைக் கூச வைத்து, அவரைக் குருடாக்கி, நம் மேலேயே கொண்டுவந்து விடுகின்றன. அது எடுப்பு அல்ல, கூச்சொளி. இதையும் ஒரு சொல்லாகப் பதிந்துவையுங்கள். முன்பக்கம் சிவப்பு விளக்கு சட்டப்படியே கூடாது.

பின்பக்கத்தை நாம் யாரும் பேசவில்லை. பால்கேன் இரண்டு பக்கமும் தொங்கும் வண்டியில் இண்டிகேட்டர் இருந்தும் இல்லை. மூட்டை கட்டினால் பின்விளக்கும் போயிற்று. அங்கே கேனிலேயே எடுப்புப் பட்டை ஒட்டச் சொல்கிறேன். மக்கள் அதை ‘ரேடியம்’ என்கிறார்கள். அந்தப் பட்டையில் ரேடியம் துளியும் கிடையாது, வந்த ஒளியை வந்த வழியே திருப்பும் கண்ணாடி மணிகளோ நுண்பட்டகங்களோதான் இருக்கின்றன. ஆனாலும் ‘ரேடியம் ஒட்டு’ என்றால் ஊரே புரிந்துகொள்கிறது. அதை மாற்ற நான் கேட்கவில்லை. பேருந்து தெருவுக்கு வந்தது, மகிழுந்து தாளிலேயே நின்றது, துள்ளுந்து நம் குழுமத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இடம் காலியாக இருக்கும்போதுதான் சொல் உட்காரும். எடுப்பொளிக்கு இப்போது இடம் காலி.

> அட்டென்ஷன் கான்ஸ்பிக்யூட்டி, சர்ச் கான்ஸ்பிக்யூட்டி என்று இரண்டு உண்டே, அவற்றுக்கு?

நல்ல கேள்வி, சொல்லின் உரத்தை இதில்தான் பார்க்க முடியும். முதலாவது, தேடாதவர் கண்ணிலும் தானாக வந்து படுவது. இரண்டாவது, பைக் வருகிறதா என்று தேடுபவருக்குச் சட்டென்று அகப்படுவது. தன்னெடுப்பு, தேடெடுப்பு என்று வைத்தால் என்ன? இரண்டாவது ‘தேடி எடுப்பது’ போலவும் ஒலிக்கிறது, அதுதான் எனக்குச் சற்று உறுத்தல். இதற்கு மட்டும் மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் பத்தியை இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

“ஹெட்லைட் நீங்கள் சாலையைப் பார்க்க. எடுப்பொளி, திரும்பப் போகிறவர் உங்களைப் பார்க்க. வண்டியில் இதைப் பொருத்தும் முன், பத்தடி முன்னால் போய் நின்று, எதிரே வருபவர் கண்ணால் ஒருமுறை உங்கள் வண்டியைப் பாருங்கள்.”

அன்புடன்,
திருச்சியிலிருந்து