அம்மம்மாவின் பிடி அரிசி இன்றைக்கு உதவுமா?

மண்டூரான்:
உறவுகளே, "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். இன்று யார் அளக்கிறோம்? என் அம்மம்மா உலை வைக்குமுன் சுண்டு என்னும் அளவைப் பேணியால் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவார். பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த மண்பானைக்குள் போட்டு மூடுவார். ஒருநாளும் தவறியதில்லை. 1978 நவம்பர் 23 இரவு எங்கள் மட்டக்களப்பில் சூறாவளி அடித்தது. கூரை போய்விட்டது, குருமண்வெளித் துறையில் தோணியும் ஓடவில்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்தில் இரண்டு வீடுகளுக்கும் கஞ்சி காய்ச்சியது அந்தப் பானை அரிசியில்தான். இப்போதோ தொலைபேசி தவணையில், மோட்டார் சைக்கிள் லீசிங்கில், பிள்ளையின் பிறந்தநாள் கடனில். கூலி கைக்கு வருமுன்பே செலவாகிவிடுகிறது.

கல்லடிப் பெண்:
ஐயா, என் அப்பா நீங்கள் சொல்கிறபடியே வாழ்ந்தவர். முப்பது வருடம் தச்சு வேலை. ஒரு வெற்றிலை கூடப் போடமாட்டார். அக்காவுக்கு வீடு கட்டிக்கொடுக்க வங்கியில் போட்டு வைத்தார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. சுவர் யன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. மழையில் பாசி பிடித்த அந்தச் சுவரை அப்பா தினமும் காலையில் போய்த் தடவிப் பார்க்கிறார். அவர் எங்கே அளக்காமல் போட்டார்?

வெல்லாவெளி வயல்:
தங்கை சொல்வது உண்மை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் நானும் மனைவியும் முன்பைவிட அதிகமாகவே பாடுபட்டோம். பயிர் மஞ்சளித்து நின்றது. பாடுபட்டால் போதும் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் விதைநெல் நான்கு மூடையை மட்டும் விற்கவில்லை. அதனால் அடுத்த போகத்துக்கு விதைக்காகக் கடன்படாமல் வயலில் இறங்கினேன்.

மண்டூரான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அம்மம்மா சேர்த்தது பணமல்ல, அரிசி. அயலில் பிள்ளைப்பேறு என்றாலும் செத்தவீடு என்றாலும் அந்தப் பானையைத்தான் முதலில் திறப்பார். பூட்டி வைப்பதை நான் சிக்கனம் என்று சொல்லவில்லை.

கல்லடிப் பெண்:
ஐயா, அந்தப் பிடி யாருடைய பங்கிலிருந்து குறைந்தது? என் அம்மாவும் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்த பிறகுதான் பானையைச் சரித்துப் பார்ப்பார். நாட்கூலிக்குப் போகும் ஒருத்தி, வாராவாரம் நுண்கடன் கட்டிவிட்டு எதை அளப்பாள்? சிக்கனத்தைப் போற்றுங்கள், அதற்காக வயிற்றைக் கட்டியவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டூரான்:
அம்மாவிடம் இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். அம்மம்மா கடைசியாகத்தான் உண்பாராம். பல இரவுகளில் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் படுத்துவிடுவாராம். சூறாவளிக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இதை ஒருமுறையும் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. அது என் பிழை, மகள். தவணைக்கு வாங்குவதைப் பற்றி எழுதியதை மட்டும் நான் மாற்றமாட்டேன்.