இரவில் மெலடோனினை ஏற்றுவது மரபணுவா, புரதமா?

ராக்கோழி:
உடலுக்கு இரவைச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் ஏன் இரவில் மட்டும் சுரக்கிறது? அதற்கான மரபணு அப்போதுதான் விழிக்கிறது என்பது என் பதில். செரடோனினை மெலடோனினாக்கும் இரண்டு படிகளில் முதல் படிக்கான நொதி ஏஏநாட். மூளையில் மெலடோனினைச் சுரப்பது பினியல் சுரப்பி. எலியின் பினியலில் அந்த நொதியின் தூது ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல், பகலில் இருக்கிற இடமே தெரியாது. இரவில் 100 மடங்குக்கு மேல் ஏறிவிடும். அது மட்டுமா? 2009-இல் பினியல் ஆய்வாளர் டேவிட் க்ளைன் குழுவினர் அதே சுரப்பியில் 600-க்கும் அதிகமான மரபணுக்களின் செயல்பாடு இரவுக்கும் பகலுக்கும் மாறுவதைக் காட்டினார்கள். சுமார் ஒரு மில்லிகிராம் எடையுள்ள சுரப்பி அது! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கால்நடைக்காரன்:
எலியைப் பொறுத்தவரை சரி. ஆனால் எல்லா உயிருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்களே, நண்பரே. ஏஏநாட் மரபணுவை 1995-இல் முதன்முதலில் பிரித்தெடுத்ததே செம்மறி ஆட்டிலிருந்துதான். செம்மறியில் அந்தத் தூது ஆர்என்ஏ பகலிலும் தாராளமாக இருக்கிறது. இரவில் அது இரண்டு மடங்குகூட ஆவதில்லை. ரீசஸ் குரங்கிலும் இப்படித்தான், இரவும் பகலும் அளவு பெரிதாக மாறுவதில்லை.

அப்படியானால் பகலில் தடுப்பது எது? நொதி உருவாகிறது, உருவான கையோடு புரோட்டியாசோம் என்ற, செல்லின் புரதம் சிதைக்கும் அமைப்பு அதைச் சிதைத்துவிடுகிறது. இருட்டியதும் நரம்பு முனையிலிருந்து நோரட்ரினலின் என்ற செய்தி வேதிப்பொருள் வருகிறது, செல்லுக்குள் அந்தச் செய்தியைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது, நொதியின் மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது. உடனே 14-3-3 என்ற புரதம் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு நொதியை எளிதில் சிதைக்க முடியாது.

ராக்கோழி:
பகல் முழுக்கச் செய்து செய்து அழிப்பதா? இப்படி வீணாக்கும் ஏற்பாடு நிலைத்திருக்கும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

கால்நடைக்காரன்:
வீண் இல்லை, அதில் வேகம் கிடைக்கிறது. எலி இருட்டிய பிறகு தூது ஆர்என்ஏவை முதலிலிருந்து எழுத வேண்டும். மெலடோனின் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். செம்மறிக்குச் சில நிமிடங்கள் போதும். அப்புறம், உங்கள் எலியிலேயே ஒன்றைப் பாருங்கள். நள்ளிரவில் விளக்கைப் போட்டால் ஏஏநாட் செயல்பாடு மூன்றரை நிமிடத்தில் பாதியாகிவிடும். தூது ஆர்என்ஏ அவ்வளவு சீக்கிரம் மறையாது. ஏற்றுவது மரபணு என்றே வைத்துக்கொண்டாலும், இறக்குவது புரதச் சிதைவுதான்.

சிட்டுக்குருவி:
இருவரும் பாலூட்டிகளிலேயே நிற்கிறீர்கள். கோழியின் பினியல் செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும் அவை இரவு பகல் தாளத்தைத் தொடர்கின்றன. நரம்பு வேண்டியதில்லை, ஒளியைக்கூட அவையே உணர்கின்றன. 1968-இல் கேஸ்டன், மெனக்கர் என்ற ஆய்வாளர்கள் சிட்டுக்குருவியின் பினியலை எடுத்துவிட்டுத் தொடர் இருட்டில் வைத்தார்கள், அதன் நடமாட்டத்தின் தாளமே குலைந்துபோனது. பறவையின் பினியலுக்குள் கடிகாரமே இருக்கிறது.

ராக்கோழி:
இதைத்தான் நானும் சொல்கிறேன்! தாளம் மரபணுவில் இருக்கிறது.

கால்நடைக்காரன்:
பறவைக்குச் சரி. எலியில் கழுத்தின் மேல் நரம்பு முடிச்சை அகற்றுங்கள், பினியலின் இரவு எழுச்சி நின்றுவிடும். நீங்கள் சொன்ன 600 மரபணுக்களிலும் பெரும்பாலானவை நோரட்ரினலின், சைக்ளிக் ஏஎம்பி வழியாகத்தான் ஆடுகின்றன. அதே 2009 ஆய்வு சொல்வது. கடிகாரம் மூளையின் ஹைப்போதலாமஸில் இருக்கிறது. அங்கிருந்து செய்தி கழுத்துத் தண்டுவடம் வழியாக மார்புத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை இறங்கி, அந்த நரம்பு முடிச்சு வழியாகத்தான் பினியலுக்கு ஏறுகிறது. கழுத்துத் தண்டுவடம் முழுதாக அறுந்த மனிதர்களுக்கு இரவு மெலடோனின் எழுவதே இல்லை. எனக்கு இதைவிட மனதை உலுக்கிய சான்று கிடையாது.

ராக்கோழி:
கடிகாரம் வெளியே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர்களும் செம்மறி வழியா, எலி வழியா?

கால்நடைக்காரன்:
இறந்தவர்களின் பினியல் திசுவில் நொதியின் செயல்பாடு இரவில் கூடியிருந்தது, தூது ஆர்என்ஏ கூடவில்லை. செம்மறி பக்கம்தான் சாய்கிறது.

ராக்கோழி:
இறந்தபின் எத்தனை மணி நேரம் கழித்து எடுத்த திசு என்பதைப் பொறுத்து ஆர்என்ஏ அளவு மாறுமே. அதை வைத்து முடிவுகட்ட நான் தயாரில்லை. ஆனால் என் முதல் பதிவில் "எலியில்" என்ற சொல்லைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.