பாங்காக் அரண்மனைக்கு அம்மாவைச் சேலையில் அழைத்துப் போகலாமா?

செந்தூல்காரன்:
அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து பாங்காக் போகிறோம். அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி. சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்த மாட்டார். அரண்மனையில் உடைக் கட்டுப்பாடு உண்டாமே? ஆளுக்கு 500 பாட் கொடுத்துப் பார்க்க அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

தண்ணீர்மலை வாசி, பினாங்கு:
சேலையில் தாராளமாகப் போகலாம், தம்பி. கையில்லாத ரவிக்கையும் உடல் தெரியும் மெல்லிய துணியும்தான் கூடாது. என் மனைவி சுங்குடிச் சேலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார். அரைக்கால் சட்டையோடு போன என்னைத்தான் வாசலில் நிறுத்தினார்கள். வெளியே ஒரு கடையில் யானைப் படம் போட்ட கால்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். அந்தப் புகைப்படம் இன்றும் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

காலை 8.30க்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். வழியில் யாராவது "இன்று அரண்மனை மூடல், வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். நான் நின்றேன். ஒரு மணி நேரம் துக்துக்கில் சுற்றி நகைக்கடை வாசலில் போய் இறங்கினேன்.

1782இல் மன்னர் முதலாம் ராமா கட்டத் தொடங்கிய அரண்மனை அது. அதன் வளாகத்துக்குள்ளேயே மரகத புத்தர் கோயில் இருக்கிறது. சிலை மரகதம் என்பது பெயரளவில்தான், கல் ஜேட் என்னும் பச்சைக்கல் வகை. உயரமும் 66 சென்டிமீட்டர்தான், ஆகவே பெரிய சிலையை எதிர்பார்க்க வேண்டாம். பருவத்துக்கு ஒன்றாக மூன்று பொன்னாடைகள், மன்னர் கையால் மாற்றுவது மரபு.

என்னைக் கேட்டால், 500 பாட்டும் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரத்துக்கே தகும். தாய்லாந்து ராமாயணமான ராமகியென் 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. மேலே கூரை இருப்பதால் அம்மாவுக்கு வெயில் படாது. ஓரிடத்தில் அனுமன் வாயை அகலப் பிளந்து, ராமரின் பாசறையை அதற்குள் வைத்துக் காக்கிறார். அந்தக் கதையில் அவர் பிரம்மச்சாரியும் இல்லை. ராவணனின் மகளான மீன்வால் பெண்ணோடு காதல்! "நம் ஆஞ்சநேயரா இவர்?" என்று என் மனைவி அங்கேயே நின்றுவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் பேத்தி:
பாங்காக்கில் ராட்சத ஊஞ்சலுக்கு அருகில் உள்ள தேவஸ்தானம் என்னும் இந்துக் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரண்மனைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் திருவெம்பாவை ஓதும் இடம். உச்சரிப்பு தேய்ந்து, காதுக்குத் தமிழாகவே படாது. ஆனாலும் மார்கழிப் பாட்டு அங்கே இருக்கிறது என்றாலே அம்மாவுக்கு முழங்கால் வலி மறந்துவிடும்.

செந்தூல்காரன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தேவஸ்தானத்துக்கு முதல் நாளே போக வேண்டுமாம். அந்த யானைக் கால்சட்டைப் படத்தையும் பார்க்க வேண்டுமாம்.