ஒரு நாள் விட்டுப்போனால் மொத்தத் திட்டமும் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

புதுநடை:
வேலை பார்த்துக்கொண்டே டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவுகளை அலசி முடிவு காணும் துறை) படிக்கிறேன். இந்த வருஷத்துக்குள் நன்றாகக் கற்றுவிட வேண்டும் என்று இலக்கு, தினமும் இரண்டு மணி நேரம் என்று அட்டவணை. கொஞ்ச நாள் ஒழுங்காகப் போகும், அப்புறம் அலுவலக வேலை இழுத்து ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் உட்கார மனசே வராது, வாரம் அப்படியே ஓடிவிடும். பயிற்சித் தேர்விலும் தேறவில்லை. இலக்கைக் குறைக்கவா, இன்னும் கடுமையாக இருக்கவா?

வெண்மேகம்:
"நன்றாகக் கற்றுவிட வேண்டும்" என்பது என்றைக்கு முடிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பிரச்சினை அங்கேதான். எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னது, "முடிந்தவரை செய்" என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்குதான் அதிகம் செய்ய வைக்கிறது. ஆனால் புதிய, சிக்கலான வேலையில் மதிப்பெண்ணை இலக்காக வைக்காமல் கற்பதையே இலக்காக வைப்பது நல்லது என்பதும் அவர்கள் சொன்னதுதான், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "இந்த வாரக் கடைசியில் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் கணினி மொழி) ஜாயின் வகைகளை, அதாவது தரவுப் பட்டியல்களை இணைக்கும் வழிகளை, எதையும் பார்க்காமல் எழுத வேண்டும்" என்று வையுங்கள். முடிந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அலைவரிசை:
மேலே சொன்னது சரி, ஆனால் நீங்கள் தடுக்கி விழுவது விட்டுப்போன நாளில். அந்த நாளுக்கு என்று ஒரு திட்டமே இல்லையே! பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றியதுதான்: "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடுகிறது. வேலை இரவு எட்டு மணியைத் தாண்டினால், அன்றைக்குப் பதினைந்து நிமிஷம் பழைய கணக்கு ஒன்றை மட்டும் திரும்பப் போடுவேன் என்று எழுதி வையுங்கள். களைத்துப்போன நேரத்தில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், அதில் விவாதமே வேண்டாம்.

தாழ்வாரம்:
தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த விடைத்தாளை எடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள், பாடமே தெரியாதா, தெரிந்தும் மறந்ததா, கேள்வியைத் தவறாகப் படித்தீர்களா, நேரம் போதவில்லையா. மறந்ததுதான் அதிகம் என்றால் புதுப் பாடம் படிப்பதில் பயனில்லை, இடைவெளி விட்டு உங்களையே சோதித்துப் பார்க்க வேண்டும். நேரம்தான் காரணம் என்றால் கடிகாரம் வைத்துப் பழகினாலே பாதி சரியாகும். "எனக்கு இது வராது" என்று மட்டும் எழுதாதீர்கள், அதிலிருந்து நாளைக்குச் செய்ய ஒன்றுமே கிடைக்காது.

புதுநடை:
இப்போதே விடைத்தாளைப் பார்த்தேன், பாதிக்கு மேல் மறந்தவைதான். இரண்டு மணி நேர அட்டவணையை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

தாழ்வாரம்:
வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் போதும், அதில் முதல் இருபது நிமிஷம் புத்தகத்தை மூடிவைத்துப் பழையதை எழுதிப் பாருங்கள்.