ஓஇஇ 82 சதவீதம், ஆனாலும் 600 பீஸ் போகல: டாக்ட் டைம், சைக்கிள் டைம் எங்க இடிக்குது?

ஷிப்ட்_இன்சார்ஜ்:
பேரிங் ஹவுசிங் லைன். லேத்ல 25 மிமீ போர் (உள் துளை), அடுத்து விஎம்சில (செங்குத்து மெஷினிங் சென்டர்) டிரில், டேப், அப்புறம் பர் (விளிம்புல நிக்கிற பிசிறு) எடுத்து கேஜ் பார்த்து பேக்கிங். கஸ்டமர் கேக்குறது ரெண்டு வேரியண்ட்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 600. ரெண்டு ஷிப்ட், ஒவ்வொண்ணும் 480 நிமிஷம், அதுல சாப்பாடு, டீக்கு 50 நிமிஷம். சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸ் முடிக்க ஆகுற நேரம், லேத் 78 செகண்ட், விஎம்சி 95 செகண்ட். விஎம்சில தினமும் செட்டிங் மாத்த 70 நிமிஷம், பிரேக்டவுன் 30 நிமிஷம். 460 ஓடி 14 ரிஜெக்ட். விஎம்சி ஓஇஇ (மெஷினோட மொத்தச் செயல்திறன்) 82 வருது, நல்ல நம்பர்னு மேல சொல்றாங்க. அப்புறம் ஏன் டெஸ்பாட்ச் குறையுது? டாக்ட் (கஸ்டமர் கேக்குற எண்ணிக்கைக்கு ஒரு பீசுக்குக் கிடைக்கிற நேரம்) கணக்குல பிரேக்டவுனைக் கழிக்கணுமா? போர்ல சிபி (அளவோட சிதறல் டாலரன்ஸுக்குள்ள எவ்வளவு அடங்குதுன்னு காட்டுறது) 1.75, சிபிகே (சராசரி நடுவுல இருந்து விலகுறதையும் சேர்த்துப் பார்க்கிறது) 1.0. கஸ்டமர் சிபிகே 1.33 கேக்குறாங்க.

லைன்_பேலன்ஸ்:
கழிக்கக் கூடாது சார். டாக்ட்டை முடிவு பண்றது கஸ்டமர், மெஷின் இல்ல. 860 நிமிஷம்னா 51,600 செகண்ட், 600ஆல வகுத்தா 86. பிரேக்டவுனை அதுல கழிச்சா நஷ்டம் டார்கெட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும், யாரும் தேட மாட்டாங்க.

ஓஇஇ பார்க்கிறது மெஷின் தன்னோட 95 செகண்டுக்கு எவ்வளவு ஒழுங்கா ஓடுச்சுன்னு மட்டும்தான். கஸ்டமர் எவ்வளவு கேட்டார்னு அதுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம்கூட நிக்காம, ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகாம ஓடினாலும் 51,600 / 95 = 543தான். 82 சதவீதத்தை 100 ஆக்கினாலும் 600 வராது. இப்போ இருக்கிற நஷ்டத்தோட 600 வேணும்னா சைக்கிள் டைம் 70 செகண்ட் கிட்ட இருக்கணும்.

இன்னொண்ணு, லேத் வேகமா ஓடுறதால விஎம்சி முன்னாடி ஸ்டாக் ஏறும். அங்க 1,200 பீஸ் நின்னா, நாளைக்கு 446 நல்ல பீஸ் போற கணக்குல லீட் டைம்ல 2.7 நாள் அங்கயே போயிடும். லேத்ல ஒரு டூல் தப்பா வெட்டினா அது தெரியவும் அத்தனை நாள் ஆகும். நடுவுல எண்ணி வெச்ச டிரே மட்டும் விடுங்க. டிரே நிறைஞ்சா லேத் நிக்கணும், கான்பான்ங்கிறது அதுதான். ஆபரேட்டர் சும்மா நிக்கிறாரேன்னு மறுபடி ஓட்ட விட்டா கான்பான் போர்டு சுவத்துல தொங்கும், அவ்வளவுதான்.

ஃபிக்சர்_ரூம்:
95 செகண்டை உடைச்சுப் பாருங்க. வெட்டுறது, டூல் மாத்துறது, லோடிங், மூணையும் தனித்தனியா ஸ்டாப்வாட்ச்ல எடுக்கணும். உதாரணத்துக்கு 43 + 30 + 22னு வெச்சுக்கலாம், அதாவது 5 டூல், ஒவ்வொண்ணுக்கும் 6 செகண்ட். ஒரே ஃபிக்சர்ல (பீஸைப் பிடிச்சு வைக்கிற சாதனம்) ரெண்டு பீஸ் கட்டினா டூல் மாத்தும் நேரம் பீசுக்கு 15 ஆகும். போல்ட் கிளாம்ப்புக்குப் பதில் ஹைட்ராலிக் போட்டு லோடிங்கை 15க்கு கொண்டு வந்தா மொத்தம் 73. பீஸ் தலைகீழா உட்காராம ஃபிக்சர்ல ஒரு பின் அடிச்சிடுங்க. அந்த பொக்கா-யோக்கே (தப்பு நடக்கவே முடியாதபடி தடுக்கிற ஏற்பாடு) எந்த எச்சரிக்கை போஸ்டரை விடவும் வேலை செய்யும்.

செட்டிங் 70 நிமிஷத்துல மெஷின் நின்னாதான் செய்ய முடியும்ங்கிற வேலை எது, ஓடும்போதே முடிக்கக் கூடியது எதுன்னு வீடியோ எடுத்துப் பிரிங்க. டூல் தேடுறது, அதோட அளவை முன்னாடியே ப்ரீசெட் பண்றது, கேஜ் கொண்டு வர்றது எல்லாம் வெளிய தள்ளலாம். ஷிகியோ ஷிங்கோ எஸ்எம்இடினு (செட்டிங் மாத்தும் நேரத்தைக் குறைக்கிற முறை) சொன்னதோட முதல் படியே இந்தப் பிரிப்புதான். 25 நிமிஷத்துக்கு இறக்கினா, மத்த நஷ்டம் அப்படியே இருந்தாலும் 73 செகண்ட்ல 610 நல்ல பீஸ் தாண்டும்.

மைக்ரான்:
போருக்கு வர்றேன். 25.000 முதல் 25.021 வரைன்னா டாலரன்ஸ் 21 மைக்ரான். சிபி 1.75ன்னா சிக்மா (அளவுகளோட சிதறல்) 2 மைக்ரான், மெஷின் நல்லா இருக்கு. சிபிகே 1.0ன்னா சராசரி ஏதோ ஒரு லிமிட்ல இருந்து 6 மைக்ரான்ல நிக்குது. பெரும்பாலும் 25.006 பக்கமா இருக்கும். போர் பெருசானா ஸ்கிராப், சின்னதா இருந்தா ரீவொர்க்னு ஆபரேட்டர் கீழ் லிமிட் கிட்டயே செட் பண்ணுவார். இன்சர்ட் (டூலோட வெட்டுற முனை) தேயத் தேய போர் இன்னும் சுருங்கும்.

சராசரியை நடுவுக்கு, 25.0105 கிட்ட நகர்த்துங்க. 1.33 தாண்டிடும். ஆனா ஒவ்வொரு பீசையும் அளந்து ஆஃப்செட்டை (மெஷின்ல கொடுக்கிற டூல் அளவுத் திருத்தம்) ஏத்தி இறக்காதீங்க, அதுலயே சிக்மா பெருசாயிடும். 5 பீஸை ஒரு சப்குரூப்பா எடுத்து, அதோட சராசரியைக் குறிக்கிற எக்ஸ்-பார் சார்ட்ல அந்தச் சராசரி கண்ட்ரோல் லிமிட் கோட்டைத் தாண்டினாலோ ஒரே திசையில போனாலோ மட்டும் கை வைங்க. இதுக்கெல்லாம் முன்னாடி போர் கேஜோட ஆர் அண்ட் ஆர் (அளக்கிறதுலயே வர்ற வித்தியாசம்) எடுங்க. 30 சதவீதத்துக்கு மேல வந்தா இந்த சிபிகேயை நம்ப முடியாது.

ஷிப்ட்_இன்சார்ஜ்:
சராசரி 25.006தான் சார், சரியா சொன்னீங்க. ரெண்டு பீஸ் ஃபிக்சர் போட்டா ஹோல் பொசிஷனுக்கு ஒரே சார்ட் போதுமா?

மைக்ரான்:
போதாது. ரெண்டு நெஸ்ட்லயும் (ஃபிக்சர்ல பீஸ் உட்காருற இடம்) பீஸ் கொஞ்சம் வேற வேற மாதிரி உட்காரும். கலந்து எடுத்தா அந்த வித்தியாசமும் சிக்மாவுல சேர்ந்து, இல்லாத பிரச்சனையைக் காட்டும். ஃபிக்சர்லயே ஏ, பினு பஞ்ச் பண்ணி பீஸ்ல மார்க் விழ வைங்க, சார்ட் தனித்தனியா போடுங்க. டேட்டம் பேடுல (பீஸ் அணைஞ்சு உட்காருற பரப்பு) சில்லு ஒட்டினா எந்த நெஸ்ட்னு அதுலயே தெரிஞ்சிடும்.